குடுமி வம்சம்

"ஏம்மா, உன் சேவல் மறுபடியும் வேலி தாண்டிடுச்சு. இன்னைக்கு அதை அறுத்தே ஆகணும்!"

குமாஸ்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரி மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"சேவல்னா தாண்டத்தான் சார் செய்யும். இதுல என்ன குடி முழுகிப் போச்சு?"

"என் கோழிங்க வெளிநாட்டு வம்சம். தலையில குடுமியோட பொறக்கிற ஜாதி. உன் குப்பைமேட்டு ரத்தம் அதுல கலந்தா அப்புறம் என்ன மரியாதை?"

கோழிக்கே குலம் பார்க்கிறவன் எதற்குத்தான் பார்க்க மாட்டான்? அவருக்கு அவசரம் வேறு. மேலதிகாரி குஞ்சு கேட்டிருந்தார், சுத்த இனமாக. கொடுத்தால் தலைமைக் குமாஸ்தா நாற்காலி. மத்தியானம் கால்நடை டாக்டர் வந்து பார்த்து, 'சுத்தம்தான்' என்று அதிகாரி காதில் போட வேண்டும். டாக்டர் சும்மா போடுவாரா? அதனால் சாப்பாடும் உண்டு.

"உங்க கூண்டுலயும் ஒரு சேவல் இருக்குன்னீங்க. அது கூவி நான் கேட்டதே இல்லையே சார்?"

"ராஜாவா? பெரிய இடத்துப் பிள்ளை. கண்டதுங்க மாதிரி தொண்டை கிழியக் கத்தாது. இப்ப சேவலைத் தர்றியா, வீட்டுக்காரர்கிட்ட சொல்லி உன்னைக் காலி பண்ண வைக்கட்டுமா?"

வாடகைக்கு இருப்பவள் என்ன செய்வாள்? பிடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் மெஷினை மிதித்தாள்.

குமாஸ்தா பெண்டாட்டி குழம்பு வைத்தாள். டாக்டர் எலும்பைக்கூட விடவில்லை.

"பிரமாதம்மா! பண்ணைக் கோழிக்கு இந்த ருசி ஏது?"

கை கழுவிக்கொண்டு கூண்டுக்குப் போனார்.

"முதல்ல ராஜாவைப் பாருங்க டாக்டர். பொரிச்ச குஞ்செல்லாம் இவன் வாரிசுதான்."

டாக்டர் ராஜாவைத் தூக்கினார். முகத்தை மூடியிருந்த குடுமியை ஒதுக்கினார். வாலுக்கடியில் விரல் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இது ராஜா இல்ல சார், ராணி. உங்க கூண்டுல இருக்கிறது அத்தனையும் பெட்டை."

"இருக்கவே இருக்காது! குஞ்சு ஒண்ணு விடாம குடுமியோட பொறந்துச்சே?"

"குடுமி தாய் வழியிலயும் வரும். அப்பன் வெளியில இருந்து வந்து போயிருக்கான். நல்ல வீரியமான சேவல். அது இருந்தாத்தான் உங்களுக்குக் குஞ்சு, பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சொல்லி, பல்லிடுக்கில் மாட்டியிருந்த கறித்துணுக்கைக் குச்சியால் குத்தி எடுத்தார் டாக்டர்.