குண்டு பல்பு

"மதாம்! மதாம்! கொஞ்சம் வெளிய வாங்க மதாம்!"

துர்கா கேட்டைப் பிடித்து உலுக்கினாள். மழையில் தலை முழுக்க நனைந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஜாக்லின் மதாம் வெளியே வந்தார்.

"என்ன? உன் சேவலால தூக்கம் போச்சுன்னு காலையில நான் சண்டை போட்டேன். இப்ப நீ பதில் சண்டைக்கு வந்தியா?"

"இல்ல மதாம். அடை வெச்ச முட்டைங்க! இன்னிக்குப் பொரிக்கிற நாள். ஓட்டுக்குள்ள குஞ்சு கத்துது மதாம், காதுல வெச்சா நல்லா கேக்குது!"

"கேக்கட்டுமே. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

சாரம் பகுதியில் அந்த வாரம் முழுக்க வானிலை இப்படித்தான். விடியலில் பனி, மத்தியானம் சுள்ளென்று வெயில், சாயங்காலம் திடீர் மழை. இன்று கூண்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இடிக்குக் காப்பாக முட்டைக் கூடையில் ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டு வைத்திருந்தாள் துர்கா. முட்டைகளுக்குக் காப்பு இருந்தது, கோழிக்கு இல்லை. ஒரே இடியில் அலறிக்கொண்டு வெளியே பறந்து, மழையில் ஊறிவிட்டது. கூடையைத் தூக்கி வந்து சமையலறையில் வைத்தும் கோழி திரும்ப உட்காரவில்லை. மூலையில் நின்று நடுங்கியது.

"முட்டையெல்லாம் சில்லுன்னு ஆயிட்டே வருது மதாம். எங்க வீட்டுல இருக்கிறது எல்லாமே எல்இடி. பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். வெளிச்சம்தான் வருது, சூடு வரல. உங்க குடில்ல குண்டு பல்பு எரியுதே, அதைக் கழட்டிக் குடுங்களேன். காலையில தந்துடறேன்."

ஜாக்லின் திரும்பி வராந்தாவைப் பார்த்தார். வைக்கோல் கூரை போட்ட கிறிஸ்துமஸ் குடில். மாதா, சூசையப்பர், மாடு, ஆடு எல்லாரும் வந்தாகிவிட்டது. நடுவில் தீவனத் தொட்டி மட்டும் காலி. குழந்தை இயேசுவை நாளை நள்ளிரவில்தான் வைப்பார்கள். தொட்டிக்கு மேலே மஞ்சளாக அந்தப் பல்பு.

அந்த நேரம் பார்த்து இன்னோர் இடி. தெரு மொத்தமும் இருண்டது. இன்வெர்ட்டர் இருந்ததால் ஜாக்லின் வீட்டுக் குடில் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"மதாம், சீக்கிரம் மதாம்!"

"பல்பையெல்லாம் கழட்ட முடியாது."

படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எதிர் வீட்டு மாடியில் நின்றிருந்த ராஜவேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எது நடந்தாலும் அவருக்கு ஒரு கருத்து உண்டு.

"பாத்தியாம்மா? பூசைக்கு மட்டும் ஒரு நாள் தவறாம போவாங்க. ஒரு பல்பு குடுக்க மனசு வரல!"

துர்கா மெயின் ரோட்டுக்கு ஓடினாள். முதல் கடைக்காரர் சிரித்தே விட்டார்.

"குண்டு பல்பா? அதை இப்ப யாரும்மா வாங்கறாங்க?"

அடுத்த கடையிலும் இல்லை. திரும்பி ஓடி வந்தாள். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

கூடை இல்லை. கோழியும் இல்லை.

"ஐயோ, என் முட்டைங்க!"

சத்தம் கேட்டு ராஜவேல் இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தார்.

"மின்னல் வெளிச்சத்துல நான் பாத்தேன்மா! மதாம்தான் உன் பக்கவாசல் வழியா வந்தாங்க. குடைக்கு அடியில எதையோ மறைச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. சேவல் மேல இருக்கிற கோவத்தை முட்டை மேல காட்டிட்டாங்க. வா, கேட்டுடலாம். வீடியோ எடுத்துத் தெரு குரூப்ல போட்டாதான் அடங்குவாங்க!"

துர்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போன மார்கழிப் பனியில் ஓர் அடை முழுக்க வீணாகிப் போயிருந்தது. இந்தத் தடவை விடவே மாட்டேன் என்று ராவும் பகலும் காத்த முட்டைகள்.

கேட் திறந்தே இருந்தது. உள்ளே பாய்ந்தாள்.

"மதாம்! என் சேவல் மேல கோவம்னா என்னைத் திட்டுங்க! முட்டைங்க உங்களை என்ன பண்ணுச்சு?"

ராஜவேலின் செல்போன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"ஷ்ஷ்... கத்தாதே. பயந்துடும்," என்றார் ஜாக்லின்.

குடிலுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டிருந்தார். வலது கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார்.

துர்கா குனிந்து பார்த்தாள்.

தீவனத் தொட்டி வைக்கோலில் வரிசையாக முட்டைகள். ஆணியும் கரித்துண்டும்கூட மறக்காமல் பக்கத்தில். மேலே பல்பு கதகதவென்று எரிந்தது. மாதாவுக்குப் பக்கத்தில் நின்று கோழி இறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

ஒரு முட்டை ஆடியது. ஓடு விரிந்து, குட்டி அலகு ஒன்று வெளியே வந்தது.

"மதாம், வந்துடுச்சு! வந்துடுச்சு!"

"அதோ, அந்தாண்ட இன்னொண்ணு!" என்று கத்தியது ராஜவேல்.

"கரண்டே இல்லாத வீட்டுக்குப் பல்பைக் கேக்கறியே, உனக்கு அறிவிருக்கா?" என்றார் ஜாக்லின், முட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல். "குடை எடுக்க உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். உன் கோழி வேற, கொத்திக் கொத்தி என் கையைப் புண்ணாக்கிடுச்சு."

ராஜவேல் செல்போனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஜாக்லினின் கணவர் ஆலேன் முசியே வந்தார். குழந்தை இயேசு சொரூபத்தைத் துடைத்துக் கையில் வைத்திருந்தார். தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஜாக்லின்! நாளைக்கு ராத்திரி இவரை எங்க படுக்க வைக்கிறது?"

"ஓரமா கொஞ்சம் இடம் இருக்கும்," என்றார் ஜாக்லின். "பொறக்கறதுக்கு இடம் கிடைக்காம அலைஞ்சவர்தானே? கோவிச்சுக்க மாட்டார்."