மூன்று குவியல்

"கைய எடு!"

சாமிதுரை போட்ட சத்தத்தில் ஞானாம்பாள் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு மைக் கறை. அதைக் கழுவக்கூடச் செய்யாமல் பெண்டாட்டி நோட்டைத் தொட வருகிறாளே என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஒன்றாம் தேதி சாயங்காலம் என்றால் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். தேவை, ஆசை, சேமிப்பு என்று மூன்று குவியல். ஏதோ வாரப் பத்திரிகையில் படித்தாராம். சம்பளத்தை இப்படிப் பிரிக்காத குடும்பம் உருப்படாது என்று காபி கிளப்பில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவார்.

"மளிகை, பால், இதெல்லாம் தேவை. வக்கீல் ஃபீஸ் அறுபது, அதுவும் தேவை."

வக்கீல் என்றதுமே அவருக்கு வாய் கசந்தது. அப்பா விட்டுப்போன ஆறு மா நிலத்தில் குத்தகைக்காரன் வைரக்கண்ணு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனைக் கிளப்ப முடியாதபடி சட்டம் வேறு போட்டுவிட்டார்கள். மூன்று வருஷமாகக் கும்பகோணம் கோர்ட்டுக்கு அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். நேற்று வரப்பில் எதிரே வந்தவன் தோளில் கிடந்த துண்டைக்கூட இறக்கவில்லை. தூ! என்ன காலம் இது!

"ஏங்க, கண்ணாடிக்கு நாப்பது ரூபா வேணும்ங்க" என்றாள் ஞானாம்பாள். "டாக்டர் எழுதிக் குடுத்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் தள்ளிப்போட்டா பார்வையே போயிடும்னு சொல்றாரு."

"அரிசியில கிடக்கிற கல்லு தெரியுதுல்ல?"

"அத தடவிப் பாத்துப் பொறுக்கிடுறேன். எழுத்துதாங்க தெரியல. எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"பேப்பர நான் படிச்சுச் சொல்றேன். கண்ணாடியெல்லாம் ஆசைக் கணக்குல வரும். அதுல மிச்சம் இல்ல."

ஆசைக் குவியலில் சரியாக நாற்பது ரூபாய் இருந்தது. அது அவருடைய வெற்றிலை சீவலுக்கும், கிளப்புக் காபிக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்துக்கும். நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு நொந்துகிடக்கிற மனுஷனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

"அப்ப சேமிப்புலேர்ந்து குடுங்களேன்."

"அது மாடு வாங்க! நிலம் கைக்கு வந்தா அன்னைக்கே ஏர் பூட்ட வேணாமா?"

"வந்தாத்தானங்க?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. குத்தகைக்காரன்தான் மதிக்கவில்லை என்றால் கட்டியவளுமா? இந்த வீட்டில் வாய் எவ்வளவு நீண்டுவிட்டது, சே!

"சம்பளப் பணத்தோட அருமை உனக்கு எங்கடி தெரியப்போவுது? மாசம் பூரா ஒருத்தர் தொண்டத்தண்ணி வத்த உழைச்சாத்தான் இந்த நோட்டு வரும். நெனச்சதுக்கெல்லாம் எடுத்து நீட்ட முடியுமா?"

ஞானாம்பாள் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தார். அழுதால் எழுந்து கிளப்புக்குப் போய்விடலாம்.

அவள் அழவில்லை. குனிந்து மூன்று குவியலையும் ஒன்றாக வாரினாள். ஒரு நோட்டு விடாமல் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடியேய், பைத்தியமா பிடிச்சிருக்கு? பணத்த வை கீழ!"

வாசற்படி வரைக்கும் போனவள் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைலேர்ந்து எனக்குப் பதிலா நீங்க பள்ளிக்கூடம் போயி பாடம் நடத்துங்க, அப்புறம் சம்பளத்தப் பிரிக்கலாம்."