தண்ணி கேட்காத பூ

“திருடுறான்! சந்தேகமே இல்லை, இன்ஜின் தண்ணியைத்தான் மாரிஸ் திருடுறான்!”

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கத்தினார் சபாபதி. மலாயாவில், கிள்ளான் ரயில் பாதையில் புக்கிட் லாலாங் ஸ்டேஷன் மாஸ்டர் அவர். மாரிஸ் அடுத்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர்.

“மெதுவா பேசுங்க லா. சோறு பயந்துடப் போகுது,” என்றாள் மனைவி இராஜம்மா.

கத்தாமல் என்ன செய்வார், பாவம்! நல்ல பூந்தோட்டம் வைத்திருக்கிற ஸ்டேஷனுக்கு வருஷா வருஷம் ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. மூன்று வருஷமாக அது சபாபதி வீட்டு அலமாரியை விட்டு நகரவில்லை. இந்த வருஷம் பார்த்து இரண்டு மாதமாகச் சொட்டு மழை இல்லை. தொட்டித் தண்ணீர் இன்ஜினுக்கு மட்டும்தான், செடிக்கு ஊற்றினால் வேலை போய்விடும் என்று மேலிடத்து உத்தரவு வேறு. ரோஜாவும் காசித்தும்பையும் சுருண்டு செத்துப்போயின.

மாரிஸ் ஸ்டேஷனில் மட்டும் பிளாட்பாரம் நெடுக வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக் குலுங்குகிறதாம். ரயில் கார்டு சொல்லிவிட்டுப் போனான்.

“அவர் திருடினதை நீங்க பார்த்தீங்களா?”

“இதைப் பார்க்க வேற வேணுமா? தண்ணி இல்லாம பூ எப்படிடி பூக்கும்?”

சபாபதியும் யோக்கியர் இல்லை. விடியற்காலையில் நாலு வாளி இன்ஜின் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றிப் பார்த்தவர்தான். அப்படியும் அது பிழைக்கவில்லை. தன்னைப் போல் பிறரை நினை என்பார்களே, அவர் அப்படியேதான் நினைத்தார்.

அன்றைக்கே கோலாலம்பூர் ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு மொட்டைக் கடுதாசி போனது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘உண்மை விளம்பும் ஊழியன்’.

நாலாம் நாள் ரயில்வே இன்ஸ்பெக்டரான வெள்ளைக்காரத் துரை தண்டவாள டிராலியில் வந்து இறங்கினார். காய்ந்த தோட்டத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“மாஸ்டர், என்னோட வா. பக்கத்து ஸ்டேஷன்ல ஒரு திருட்டை விசாரிக்கணும். நீ சாட்சி.”

சபாபதிக்கு வயிற்றில் பாயசம் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்டேஷனைக் கிளார்க் கன்னையாவிடம் ஒப்படைத்துவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு டிராலியில் ஏறினார்.

மாரிஸ் ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால், கார்டு சொன்னது பொய் இல்லை. அப்படிப் பூத்திருந்தது! துரை ஒரு வார்த்தை பேசாமல் கைத்தடியால் செடியின் அடியில் குத்தினார். புழுதி பறந்தது. இன்னொரு பாத்தியில் குத்தினார். அங்கேயும் புழுதிதான்.

“என்ன மேன் இது? தண்ணியே ஊத்தலையா?”

“இதுக்குத் தண்ணி வேணாம் சார்,” என்றார் மாரிஸ். “நித்தியகல்யாணி. கிள்ளான்ல எங்க கல்லறைத் தோட்டத்துல தானா மண்டிக் கிடந்துச்சு. செத்தவங்களுக்கு யாரு வாளி தூக்குறா? ஆனா பூ மட்டும் நிக்காம பூக்குது. ஆப்பிரிக்காப் பக்கத்துத் தீவுச் செடின்னு பாதர் சொன்னார். பிடுங்கிட்டு வந்து நட்டேன். என் சம்சாரம் கோயில் பீடத்துக்கும் இதைத்தான் பறிச்சு வைக்கிறா.”

துரை விழுந்து விழுந்து சிரித்தார். “கோப்பை உனக்குத்தான்!” என்று மாரிஸின் முதுகில் தட்டினார். பிறகு முகம் மாறி, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மாரிஸிடம் நீட்டினார்.

“நல்ல மனுஷன் மேல பொய்ப் புகார் எழுதியிருக்கான் ஒருத்தன். யாருன்னு தெரிஞ்சா நாளைக்கே வேலையை விட்டு அனுப்பிடுவேன். இது யார் எழுத்து? உனக்குத் தெரியுமா?”

சபாபதி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பென்ஷனுக்கு இன்னும் மூன்றே வருஷம். முருகா, முருகா!

மாரிஸ் காகிதத்தை நிதானமாகப் படித்தார்.

“தெரியல சார். வெயில்ல மண்டை காய்ஞ்சவன் எவனோ எழுதியிருப்பான்.”

“குப்பையில போடு,” என்று சொல்லிவிட்டு துரை டிராலியில் கிளம்பிப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது சபாபதிக்கு. உயிரோடு பேச்சும் வந்தது.

“நான் அப்பவே துரைகிட்ட சொன்னேன் தம்பி, மாரிஸ் சொக்கத் தங்கம்னு!”

“உங்க மனசு யாருக்கு வரும்? இருங்கண்ணே, கொஞ்சம் விதை தரேன். அடுத்த வருஷம் உங்க ஸ்டேஷனும் பூக்கட்டும்,” என்று உள்ளே போன மாரிஸ், ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

ஏமாந்த பயல் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, அடுத்த ரயிலில் ஊர் திரும்பினார் சபாபதி.

“சுடுகாட்டுப் பூ விதையா? இதையா வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்க!” என்று கதையைக் கேட்டுப் பதறினாள் இராஜம்மா.

“கோப்பை வாங்கின பூ அது. சும்மா பிரிடி.”

அவள் கறுப்பு விதைகளைத் தட்டில் கொட்டினாள். கசங்கிய காகிதத்தை நீவிப் பார்த்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா இந்தச் சுழியும் வாலும் உங்க எழுத்துத்தானே?”

சபாபதி அதைப் பிடுங்கக் கை நீட்டினார்.

அவள் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி இருந்தது. எழுத்துக் கூட்டி உரக்கவே படித்தாள்:

“அண்ணே, எட்டு வருஷமா தினம் நீங்க எழுதி அனுப்புற பார்சல் சீட்டைப் படிக்கிறவன் நான். விதையை எடுத்துக்கிட்டு இந்தக் காகிதத்தை அடுப்புல போட்டுடுங்க. துரை கண்ணுல பட்டுடப் போகுது.”