ரெண்டு சுழி, மூணு சுழி

"தமிழ்ல சொன்னா குளிரும். மலையாளத்துல சொன்னா உடம்பு கொதிக்கும். அது என்ன?"

பின் சீட்டிலிருந்து மாரீஸ்வரி விடுகதை போட்டாள். விடையை நீங்களும் யோசித்து வையுங்கள். முன் சீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

முன் சீட்டில் செல்வப்பிரியாவும் அவள் கணவர் பூபதிராஜாவும் புதுக் காரின் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மேகம் இறங்கி எதிரே ரோடே தெரியாததால், வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் ஊர், தமிழும் மலையாளமும் பேசும் சமவெளிப் பெருமாட்டி; மலை வழி இருவருக்கும் புதிது.

"கேட்டுச்சா பெரியம்மா?"

"கேட்டுச்சு கண்ணு. பொறு, மொதல்ல வழியப் போட்டுக்கறோம்."

சற்று முன்புதான் ஏலப்பாறையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்து வாசலில் மாரீஸ்வரியை ஏற்றியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் முருகேஸ்வரி, மகளின் பையை டிக்கியில் வைத்துவிட்டு செல்வப்பிரியாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்க ஊட்டுப் புள்ளையாட்டம் பாத்துக்கறேனுங்க. எங்க ஊர்ப் பக்கம் சித்தூர்ல நல்ல ஸ்கூல்ல ஆறாம் வகுப்புல சேத்தி, டாக்டருக்கே படிக்க வெக்கறேன். பாப்பா, என்னையப் பெரியம்மான்னே கூப்புடு."

"நல்லாப் படிக்கணும் தாயி. அம்மாவ நெனச்சு அழக்கூடாது" என்று சொன்ன முருகேஸ்வரிதான் அழுதாள்.

பூபதிராஜா காரை விட்டு இறங்கவே இல்லை. முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

"பெத்தவகிட்டயே இருந்து படிக்கட்டுமே. நமக்கு எதுக்கு பிரியா இந்த வேலை?" என்றார், வண்டி நகர்ந்ததும்.

"உங்களுக்கு மனசு கல்லுங்க. ஒரு ஏழைப் புள்ளை படிச்சா உங்களுக்கு என்னவாம்?"

 இப்போது பூபதிராஜா திரையைத் தட்டிப் பார்த்தார்.

"எம் போன்ல டவர் இல்ல. உன்னோடதக் கனெக்ட் பண்ணு."

செல்வப்பிரியா தன் போனில் ஒயரைச் செருகினாள். திரை என்னென்னவோ அனுமதி கேட்டது. படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்தினாள். பளிச்சென்று மேப் விரிந்தது. பெருமாட்டி வரை நீலக் கோடு.

"ஏனுங்க, சினிமாக் கொட்டாயாட்டம் இருக்குதுங்க!"

அவர்கூடச் சிரித்துவிட்டார். வண்டி கிளம்பியது.

ஒரு வளைவில், கோட்டை மறைத்தபடி திரையின் மேலே ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. அடுத்த வீட்டு ஆனந்தியின் மெசேஜ். அதை ஒதுக்க நினைத்து பூபதிராஜா விரலால் தட்டினார். தட்டினால் வண்டி அதை வாய்விட்டுப் படிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

எல்லா ஸ்பீக்கரிலும் ஒரு பெண் குரல், மலையாளத்தில், கணீரென்று படித்தது.

"பணிக்குக் குட்டியெ கிட்டியல்லே? ஸ்கூளிலொன்னும் சேர்க்கண்டா. பின்னெ வீட்டுப்பணி நடக்கில்ல."

பூபதிராஜாவின் கால் பிரேக்கை மிதித்தது. தேயிலைச் சரிவின் ஓரம் வண்டி குலுங்கி நின்றது.

செல்வப்பிரியா ஒயரைப் பிடுங்கினாள்.  மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

மாரீஸ்வரி இருட்டிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன சொல்லுச்சு பெரியம்மா?"

செல்வப்பிரியாவுக்கு மூச்சு வந்தது. லயத்துப் பெண். இவள் அம்மாவுக்கே தமிழைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை.

"அதுவா கண்ணு... உன்னைய நல்ல ஸ்கூலாப் பாத்துச் சேக்கோணுமாம். ஆனந்தி அக்கா சொல்றாங்க."

"பிரியா!" பூபதிராஜா அவள் பக்கம் திரும்பினார். "எங்கிட்டயும் படிக்க வெக்கறதாத்தானே சொன்னே?"

"சும்மா இருங்க. அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பெரியம்மா" என்று மாரீஸ்வரி கூப்பிட்டாள். "விடுகதைக்கு விடை சொல்லவே இல்லையே நீங்க."

"இப்ப அது ஒண்ணுதான் கொறைச்சல். நீயே சொல்லு."

"பனி. தமிழ்ல பனின்னா குளிரும். மலையாளத்துல பனின்னா காய்ச்சல்."

செல்வப்பிரியாவின் கையிலிருந்த ஒயர் நழுவியது.

"ஆனா விடுகதையில வர்றது ரெண்டு சுழி" என்றாள் மாரீஸ்வரி. "இப்ப வண்டி சொன்னது மூணு சுழி. பணி. வேலை. வீட்டு வேலைக்குப் புள்ளை கெடச்சிருச்சுல்ல, ஸ்கூல்ல சேக்க வேணாம்னு சொல்லுச்சு."

"உனக்கு... மலையாளம்..."

"எங்க ஸ்கூல்ல மலையாளத்துல நாந்தான் ஃபர்ஸ்ட்டு. அம்மாவுக்குத்தான் தெரியாது."



பூபதிராஜா குனிந்து ஒயரை எடுத்தார். மனைவியின் மடியிலிருந்த போனை எடுத்து, அதில் செருகினார். திரையில் மறுபடியும் மேப் விரிந்தது. பெருமாட்டிக்குப் போன நீலக் கோட்டை அழித்துவிட்டு, போனைப் பின் சீட்டுக்கு நீட்டினார்.

"எங்க போகோணும் சாமி? நீயே போடு."

மாரீஸ்வரி 'ஏலப்பாறை' என்று மலையாளத்தில் எழுதினாள்.