பதினோராவது நூல்

அக்கா, அங்கே உனக்கென்று யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாயே, சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் மாணவர்கள் அண்ணன் தம்பிகளாக ஒரே வீட்டில் தங்கும் சகோதர சங்கத்தில், புதிதாகச் சேரும் ஒவ்வொருவனையும் ஒரு சீனியர் தன் தம்பியாகத் தேர்ந்தெடுப்பான். யார் என்று முன்பே சொல்ல மாட்டார்கள். ஒரு கம்பளி நூலின் முனையைக் கையில் கொடுப்பார்கள். சங்க வீடு முழுக்கச் சுற்றிப் போகும் அதைப் பிடித்துக்கொண்டே போனால், மறுமுனையைப் பிடித்தபடி அண்ணன் நிற்பான்.

இந்த வருடம் புதியவர்கள் பதினொரு பேர், அண்ணன்கள் பத்துப் பேர். என்னைத்தான் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் தலைவன் கிரேடி நூல்களைக் கொடுத்துக்கொண்டே வந்தான். என் முன்னால் நின்று, கையில் மிச்சமிருந்த ஒரு நூலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"பத்துதானடா கட்டினோம்? எவனோ ரெண்டு தம்பி கேட்டிருக்கான், பேராசை புடிச்சவன்! போ மச்சி, போய்ப் புடி."

என் நூல் மாடிப்படி ஏறி, மூன்றாவது தளத்தில் மாட்டியிருந்த சங்கத்தின் 1931ஆம் வருடக் குழுப் படத்தின் பின்னால் போனது. படத்தைச் சாய்த்துப் பார்த்தேன். சுவரில் ஓட்டை இல்லை. நூல் சுவருக்குள் போயிருந்தது.

மெதுவாக இழுத்தேன். உள்ளிருந்து இரண்டு முறை மெதுவாக இழுத்தார்கள்.

கீழிருந்து கிரேடி கத்தினான். "டேய் நிமல், உன் அண்ணன் கெடச்சானா? நாங்க பத்து பேரும் இங்கதானடா நிக்கிறோம்!"

"கெடச்சுட்டாரு," என்றேன். நூலை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன்.