இடது கால்

கன்பூசியஸ் பிறந்த சீன ஊரான சூஃபுவின் நகர அரங்கில், அவர் படத்துக்குக் கீழே வெந்நீர்த் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பெற்றோரின் பாதம் கழுவும் விழா. பழைய நெறிகளை ஊருக்கே மறுபடி கற்றுக்கொடுத்துவரும் ஆசிரியர் யான்பிங், முதல் ஆளாகத் தன் தாயின் முன் மண்டியிட்டார்.

"தாயே, பாதங்களை நீட்டுங்கள்" என்றார் மைக்கில்.

அம்மா வலது காலை மட்டும் நீட்டினாள்.

யான்பிங் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "இன்னொரு கால் எங்கம்மா?"

"ஒண்ணு போதும்டா."

"ஊரே பார்க்குது. மானத்தை வாங்காதே."

"உன் மானத்துக்காகத்தான்டா சொல்றேன்."

கிராமத்துக் கூச்சம் என்று நினைத்த யான்பிங், தானே அவளுடைய இடது ஷூவைக் கழற்றிக் காலுறையை உருவினார். அந்தக் காலில் மூன்று விரல்கள் இல்லை. தழும்புகூடப் பழசாகியிருந்தது.

"எப்பம்மா?"

"போன குளிர்காலம். சர்க்கரைப் புண்ணு, வெட்டி எடுத்துட்டாங்க. சொல்லத்தான் போன்ல கூப்பிட்டேன். வகுப்புல இருக்கேன், அப்புறம் பேசறேன்னு வச்சுட்டே."

யான்பிங் அந்தக் காலை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அம்மா அவசரமாகத் துண்டை இழுத்துக் காலை மூடினாள். "அழாதேடா. யாராவது பார்த்தா உன்னைத்தான் பேசுவாங்க."

மகன் அழுவதைக் கண்டு, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.