ஒருத்திக்கு மட்டும் லீவு

ஆய்வு நாளில் வகுப்பின் மானம் போகக்கூடாதென்று, எழுத்துக்கூட்டத் திணறும் முத்தரசியிடம் மட்டும் "நாளைக்கு உனக்கு லீவு" என்று சொல்லியிருந்தார் ரெஜினா டீச்சர்.

வந்த அதிகாரியம்மாவோ பரீட்சை எதுவும் வைக்கவில்லை. "படிக்கச் சிரமப்படுற பிள்ளைங்க யாரு? தனியா சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பத்தான் பட்டியல் எடுக்கிறேன்" என்றார்.

"இங்க அப்படி யாருமில்லை மேடம்." பழக்கத்தில் டீச்சரின் வாய் சொல்லிவிட்டது.

அப்போது முத்தரசியை அவள் அம்மா தரதரவென்று இழுத்து வந்தாள். "நீங்களே லீவு விட்டீங்கன்னு புளுகுறா டீச்சர்! நாலு சாத்திக் கூட்டியாந்தேன்."

பிள்ளையின் கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "நாந்தாம்மா பொய் சொன்னேன்" என்றாள்.

டீச்சருக்கு நெஞ்சு சுட்டது.

"மேடம், பட்டியலை மூடிடாதீங்க" என்றார். லீவு விட்டது யாரென்று சொல்ல முத்தரசியின் அம்மா பக்கம் திரும்பினார்.